அறுபத்தெட்டு டிகிரி

“பூட்ஸைக் கழட்டுங்க. சாக்ஸையும். வெறும் காலோட இதுமேல ஏறி நில்லுங்க.”

டீகன் இப்படிச் சொன்னது கடையின் பின்முற்றத்தில், தளத்துக்குப் பலகை வாங்க வந்த ஒரு கிழவரிடம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் சொல்லிவைத்திருந்தார்கள். வாடிக்கையாளர் கையில் எந்தப் பலகையை வேண்டுமானாலும் கொடு, தட்டிப் பார்க்கச் சொல், சாவியால் கீறிப் பார்க்கச் சொல், ஆனால் காலில் இருப்பதைக் கழற்றச் சொல்லாதே. சொன்னது முதலாளி டாரில். அன்று மாலையே வீட்டில் அதை இன்னொரு முறை சொன்னது அம்மா லினெட். அந்தக் கடையின் கல்லாவில் அவள் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறாள்.

காரணம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. மில்டுராவில் கோடை உச்சத்தில் இருக்கும் ஜனவரி மாதத்தில் ஆட்கள் பால் வாங்கப் போவதுகூட வெறும் காலோடுதான். வீட்டுக்குப் பின்னால் டெக் என்கிற பலகைத் தளம் போடுகிறவன் எவனும் அதன்மேல் செருப்போடு நடப்பதற்காகப் போடுவதில்லை. ஆனால் அதற்கான பலகையைத் தேர்ந்தெடுப்பதோ குளிரூட்டிய அறைக்குள், கையகலத் துண்டைப் புரட்டிப் பார்த்து, நிறத்தை வைத்து. கையில் எல்லாத் துண்டும் ஜில்லென்றுதான் இருக்கும்.

முற்றத்தில் மாதிரிக்காகப் போட்டுவைத்த தளம் இருக்கிறதே, அதைக் காட்டுவதற்கும் ஒரு முறை இருந்தது. வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டால் லினெட் எழுந்து போய் ரப்பர் குழாயைத் திறந்து தளத்தை நன்றாக நனைப்பாள்; டீகன் சேர்ந்தபின் அது டீகனின் வேலை. யாராவது கேட்டால், தூசி. ஆட்கள் உள்ளே கலர் பார்த்துவிட்டு வெளியே வரும்போது பலகை பாதி காய்ந்து, சாதுவாக இருக்கும்.

போன வாரம் ஒரு பெண் போன் செய்தாள். குரல் நடுங்கியது. தவழ்கிற குழந்தையின் இரண்டு முட்டியும் கொப்பளித்துவிட்டதாம். இங்கே பலகை வாங்கி டெக் போட்டு மூன்று வாரம்தான் ஆகிறதாம்.

“பாய் விரிச்சுக்கச் சொல்லு,” என்றார் டாரில், சாண்ட்விச்சிலிருந்து வாயை எடுக்காமல். “வாரன்டிப் பேப்பர் கடைசிப் பக்கத்துல எல்லாம் போட்டிருக்கு.”

போட்டிருந்தது. எறும்பு எழுத்தில். டீகன்தான் அந்தக் கடையில் அதைப் படித்த ஒரே ஆள். அவள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்ததே அவள் ஒருத்திதான். அதற்கு மேல் மெல்போர்னில் நாலு வருடம் இயற்பியல் படித்துவிட்டு, வேலை கிடைக்காமல், வந்த ஊருக்கே திரும்பி, அம்மா வாங்கிக் கொடுத்த வேலையில் நிற்கிறாள். மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் உருக்கி வார்த்த பலகை எப்படிச் சூடேறும், கறுப்பாக இருந்தால் எவ்வளவு ஏறும் என்பதையெல்லாம் புரிந்துகொள்ள அந்தப் பட்டம்கூட வேண்டாம். ஒரு வெப்பமானி போதும். அதை அவள் தன் காசில் வாங்கி மேசை இழுப்பறையில் வைத்திருந்தாள். சனிக்கிழமை பதினொரு மணிக்கு கரி நிறப் பலகை அறுபத்தெட்டு டிகிரி காட்டியது. பக்கத்திலேயே மணல் நிறப் பலகை, நாற்பத்தொன்பது.

அன்றைக்குத்தான் ரோக்கோவும் நூன்ஸியாவும் வந்தார்கள்.

திராட்சைத் தோட்டத்தை விற்றுவிட்டு ஊருக்குள் வீடு வாங்கி வந்தவர்கள். எழுபத்தைந்தை நெருங்கும் வயது. பின்பக்கம் வடக்குப் பார்த்தது, அந்த ஊரில் நாள் முழுக்க வெயில் அடிக்கும் திசை; நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. இருக்கிற மரத் தளத்துக்கு வருடா வருடம் எண்ணெய் பூச வேண்டும். ரோக்கோவால் இனி மண்டியிட முடியவில்லை. பூசாவிட்டால் சிலாம்பு ஏறுகிறது.

“பையன் சிட்னில உக்காந்துகிட்டு போன்ல கலர் அனுப்புறான்,” என்றாள் நூன்ஸியா. “கரி கலர்தான் வேணுமாம். போட்டோல நல்லா இருக்குமாம். போட்டோவுல யாரு நடக்கப் போறா?”

“நீங்க ரெண்டு பேரும்,” என்றாள் டீகன். “வேற யாரு?”

“பேத்தி. ஈஸ்டருக்கு வருவா. அதுக்குள்ள தவழ ஆரம்பிச்சிடுவா.”

டீகன் மூன்று துண்டுகளை மேசையில் வைத்தாள். மரத்தூள் கலந்தது, முழுக்க பிளாஸ்டிக், உள்ளே குழிவிட்டது. கரி நிறத்தை ஒதுக்கி வைத்தாள். “இது வேணாங்க. வெயில்ல சுட்டுடும். வெளிர் கலர் எடுங்க, மேல ஒரு நிழல் துணி கட்டுங்க.”

ரோக்கோ சிரித்தார். “சுடுமா? நாப்பது வருஷம் கொடிக்கு நடுவுல நின்னவன்மா நான். உன் பலகை என்னை என்ன பண்ணும்?”

கல்லாவிலிருந்து லினெட் இருமினாள். அது இருமல் இல்லை. குழாயைத் திறந்தாயா என்ற கேள்வி. டீகன் திறக்கவில்லை. காலையிலிருந்தே திறக்கவில்லை. இன்று திறப்பதாகவும் இல்லை.

அவள் கணக்கு எளிமையானது. வெறும் காலை வைத்தால் ஒரு நொடி. எந்த மனிதனும் ஒரு நொடியில் காலை எடுத்துவிடுவான். ஒரு நொடியில் தோலுக்கு ஒன்றும் ஆகாது, மூளைக்கு எல்லாம் புரிந்துவிடும். அதனால்தான் முற்றத்துக்கு அழைத்து வந்து, நிற்க வைத்து, சொல்லக் கூடாததைச் சொன்னாள்.

நூன்ஸியாதான் முதலில் வாயைத் திறந்தாள். “வேணாம் கண்ணு. இவரு கால் நாத்தத்துக்கு உன் கடைப்பக்கம் ஒரு வாரத்துக்கு எவனும் வரமாட்டான்.”

“உன் சமையலுக்கே நான் அம்பது வருஷமா வந்துட்டுத்தானே இருக்கேன்,” என்றார் ரோக்கோ. படியில் உட்கார்ந்து பூட்ஸை இழுத்தார். வலது பூட்ஸைக் கவிழ்த்தபோது கொண்டைக்கடலை அளவு ஒரு கல் உருண்டு விழுந்தது.

“இதோட எப்படி நடந்தீங்க?” என்று டீகன் சிரித்தாள்.

“எப்ப உள்ள போச்சுன்னே தெரியல,” என்று அவரும் சிரித்தார்.

எழுந்தார். கரி நிறப் பலகையின் நட்டநடுவில் இரண்டு காலையும் ஊன்றி நின்றார்.

ஒரு நொடி. இரண்டு. ஐந்து.

“என்ன?” என்றார். “எங்க சுடுது?”

டீகனுக்குக் காது சிவந்தது. கிழவர் வேண்டுமென்றே பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறார் என்று நினைத்தாள். ஆனால் முகத்தில் அதற்கான இறுக்கம் எதுவும் இல்லை. பேருந்துக்குக் காத்திருப்பவர் மாதிரி நின்றார். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு டாரில் வெளியே வந்தார். வெறும் காலைப் பார்த்ததும் அவர் முகம் செத்தது. ரோக்கோவின் சிரிப்பைப் பார்த்ததும் திரும்ப உயிர் வந்தது.

“டேய் ரோக்கோ! உன்னை உரிச்சுக் காய வெச்சிட்டாளா எங்க வீட்டு விஞ்ஞானி?”

“சூடு காட்றேன்னு கூட்டிட்டு வந்தா. ஆத்து மணல் மாதிரி இருக்கு.”

“கேட்டியா டீகன்? பட்டம் வாங்கினவ சுடும்ங்கறா, நிக்கிறவன் சுடலங்கறான். நான் யாரை நம்ப?” டாரில் கையைக் கட்டிக்கொண்டு சாவகாசமாக நின்றார். “தோட்டத்தை எவ்வளவுக்கு முடிச்சே? அந்தப் புது ஆளு கொடியையெல்லாம் பிடுங்கிப் போட்டுட்டு பாதாம் வைக்கிறானாமே?”

“வைக்கட்டும். என் கண்ணு முன்னாடி வைக்காம இருந்தா சரி.”

அவர்கள் பேசினார்கள். தண்ணீர், விலை, கால்பந்து மன்றத்து ஆள் ஒருவர் செத்துப்போனது. ரோக்கோ நின்ற இடத்திலேயே நின்றார். டீகன் தன் வெப்பமானி பொய் சொல்கிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அதற்காக அவள் பிறகு தன்னை மன்னிக்கவே இல்லை. ஒரு மனிதனின் கால் தவறாக இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கருவி தவறாக இருக்கலாம் என்று தோன்றியது.

“நகரு, நானும் பாக்கறேன்,” என்று நூன்ஸியா செருப்பை உதறிவிட்டு அவர் பக்கத்தில் காலை வைத்தாள்.

கத்தினாள். மாதாவைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டு புல்லில் குதித்தாள். டாரில் சிரிக்க ஆரம்பித்தார். நூன்ஸியா சிரிக்கவில்லை. ஒற்றைக் காலில் நின்றபடி புருஷனைப் பார்த்தாள். அவர் காலைப் பார்த்தாள். மறுபடி முகத்தைப் பார்த்தாள்.

“ரோக்கோ,” என்றாள் மெதுவாக. “இறங்கு.”

“ஏன்?”

அந்த ஒரு வார்த்தையில் டீகனுக்கு எல்லாம் விளங்கியது. பாய்ந்து அவர் கையைப் பிடித்து இழுத்தாள். படியில் உட்கார வைத்துப் பாதத்தைத் திருப்பினாள். குதிகாலும் விரல் மேடும் வெள்ளை வெளேரென்று, ஓரம் முழுக்க செக்கச் சிவந்து இருந்தன. ஒரு பக்கம் தோல் ஏற்கெனவே எழும்பத் தொடங்கியிருந்தது. அவர் அதை வேறு யாருடைய காலையோ பார்ப்பது போல் பார்த்தார்.

டீகன் குழாயைத் திறந்தாள். முதலில் வந்த கொதிநீரைப் புல்லில் விட்டாள். பிறகு இருபது நிமிடம் மண்டியிட்டு உட்கார்ந்து அந்தப் பாதங்களின் மேல் தண்ணீரை ஓடவிட்டாள்.

“எத்தனை நாளா?” என்றாள் நூன்ஸியா கடைசியில்.

“ரெண்டு வருஷம் இருக்கும்.”

“டாக்டருக்குத் தெரியுமா?”

“சர்க்கரையால வந்ததுன்னு சொன்னாரு. வெறும் கால்ல நடக்காதேன்னாரு.” ரோக்கோ தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். “உனக்குத் தெரிஞ்சா கார்ச் சாவியப் பிடுங்கிருவ. பெடல் எங்க இருக்குன்னு எனக்குக் கண்ணால பாத்தாதான் தெரியும்.”

“விடுமுறைக்கு வந்த பேத்தியையும் ஏத்திக்கிட்டுத்தானே போன மாசம் ஆத்துக்குப் போன?”

நூன்ஸியா அவருடைய சட்டைப் பையில் கைவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டாள். ஈரத் துணியைப் பாதங்களில் சுற்றி, டாரில் ஒரு பக்கம் டீகன் ஒரு பக்கம் தாங்கி, காரில் ஏற்றினார்கள். நூன்ஸியாதான் மருத்துவமனைக்கு ஓட்டிப் போனாள். கிளம்புமுன் கண்ணாடியை இறக்கி, “நீ சொன்னியே கண்ணு, சுடும்னு. நாங்கதான் கேக்கல,” என்றாள். டீகனுக்கு அறைந்திருந்தால் தேவலை என்றிருந்தது.

உள்ளே வந்தபோது லினெட் விபத்துப் பதிவேட்டைத் திறந்து பாதி எழுதியிருந்தாள். அழகான கையெழுத்து. வாடிக்கையாளர் தாமாகவே காலணியைக் கழற்றிவிட்டு மாதிரித் தளத்தில் நின்றார். அவருக்குப் பாதத்தில் உணர்ச்சி இல்லை என்பது அவருக்கு முன்பே தெரியும். கடையைச் சேர்ந்தவர்கள் உடனே முதலுதவி செய்தார்கள்.

“சாட்சின்னு போட்டுக் கையெழுத்துப் போடு,” என்றார் டாரில். குரலில் கோபம் இல்லை. “இது கடைக்காக மட்டும் இல்ல டீகன். கழட்டச் சொன்னது நீ. அப்படியே எழுதினா தலை உருள்றது உன்னோடது. உனக்காகத்தான் சொல்றேன்.”

அது பொய் இல்லை. டீகன் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினாள்.

“தாமாகவேன்னு எழுதினா, கால் மரத்துப்போனது தெரிஞ்சும் தானா ஏறி நின்ன கிறுக்குக் கிழவன்னு ஆயிடும். அவர் நான் சொல்லித்தான் நின்னாரு. பலகை அவ்வளவு சுடும்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். தெரிஞ்சுதானே தினம் தளத்துக்குத் தண்ணி ஊத்தறோம்?”

“தூசிக்கு,” என்றாள் லினெட்.

“அம்மா.”

“தூசிக்குத்தான்டி!” லினெட்டின் பேனா மேசையில் பட்டுத் தெறித்தது. “உனக்கென்ன, பட்டம் இருக்கு. இந்தக் கதவு சாத்தினா இன்னொரு கதவைத் தட்டுவ. எனக்கு இந்த ஸ்டூல்தான் இருக்கு. இந்த ஸ்டூல்ல உக்காந்துதான் உன்னைப் படிக்க வெச்சேன். அதுக்கு நீ எனக்குத் திருப்பிக் குடுக்கறது இதுவா?”

“இதுக்குத்தான் படிக்க வெச்சியா? கண்ணால பாத்ததை இல்லன்னு சொல்றதுக்கு?”

“வாயை மூடிட்டுப் பொழைக்கிறதுக்குப் படிக்க வெச்சேன்!”

இதைச் சொன்ன பிறகு லினெட் தன் மகளைப் பார்க்கவில்லை.

டீகன் பேனாவை எடுத்தாள். அம்மாவின் வரிகளை அடிக்கவில்லை. அதற்குக் கீழே எழுதினாள். காலணியைக் கழற்றச் சொன்னது நான். இன்று தளத்தை நான் வேண்டுமென்றே நனைக்கவில்லை. மற்ற எல்லா நாளும் ஆட்கள் வருமுன் நனைக்கிறோம், சூடு தெரியாமல் இருக்க. கரி நிறப் பலகை, காலை பதினொரு மணி, அறுபத்தெட்டு டிகிரி. போன வாரம் ஒரு குழந்தையின் முட்டி வெந்ததாகத் தாய் போனில் சொன்னாள், அதை இந்தப் பதிவேட்டில் யாரும் எழுதவில்லை. முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பக்கத்தைப் போனில் படம் எடுத்தாள்.

டாரில் படித்தார். இரண்டு முறை படித்தார்.

“திங்கக்கிழமை வர வேணாம்,” என்றார்.

“தெரியும்.”

“உங்கம்மாவையும் யோசிச்சுப் பாத்திருக்கணும்.”

“யோசிச்சேன்,” என்றாள் டீகன். அவள் யோசித்திருந்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த அந்த இருபது நிமிடமும் வேறு எதையும் யோசிக்கவில்லை.

பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். லினெட் ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கவில்லை.

“எங்கடி போற?”

“ஆஸ்பத்திரிக்கு. அந்தம்மா என் மேல தப்பே இல்லன்னு நினைச்சுட்டுப் போயிருக்கு. சூடு தெரியணும்னே நான் தளத்துக்குத் தண்ணி ஊத்தாம வெச்சிருந்தேன்னு சொல்லணும்.”

“சொன்னா உன் மேல கேஸ் போடுவாங்க.”

“போடட்டும்.”

“டீகன்!”

அவள் அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலில் இறங்கியிருந்தாள்.