முப்பத்தொரு அவுக

புருஷன் பெயரைச் சொல்லாத பெண்களால் ஒரு கம்ப்யூட்டர் எவ்வளவு பாடுபடும் என்பது எனக்குத்தான் தெரியும். விக்கிரமசிங்கபுரத்தில் மில் கேட்டுக்கு எதிரே இருக்கும் சுடலையாண்டி அண்ணாச்சியின் எஸ்.டி.டி. பூத்தில் எனக்கு வேலை. தொண்ணூற்றெட்டில் அண்ணாச்சி எங்கிருந்தோ ஒரு பழைய கம்ப்யூட்டரையும் மோடத்தையும் கொண்டுவந்து போட்டு, 'இங்கு இ-மெயில் அனுப்பப்படும்' என்று போர்டு எழுதி மாட்டினார். வளைகுடாவில் வேலை பார்க்கும் ஆண்களின் வீட்டுப் பெண்கள் சைக்கிளிலும் பஸ்ஸிலும் வர ஆரம்பித்தார்கள்.

கடைக்கு ஒரே ஒரு மெயில் கணக்குதான். அவர்கள் சொல்லச் சொல்ல நான் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்புவேன். பிரிண்டர் கிடையாது. பதில் வந்தால் தாளில் என் கையாலேயே எழுதிக் கொடுப்பேன். அதனால் யார் வீட்டில் என்ன சண்டை என்பது ஊரில் எனக்குத்தான் முதலில் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை. அண்ணாச்சியிடம் மட்டும் இரண்டு மூன்று சொல்லியிருப்பேன்.

முதல் தடவை வருகிறவர்கள் ஒரு துண்டுச் சீட்டில் மெயில் முகவரி கொண்டுவருவார்கள். அதை அவுட்லுக் எக்ஸ்பிரஸின் முகவரிப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். அம்மாக்களால் எனக்குத் தொந்தரவே இல்லை. மகன் பெயரைத் தெருவுக்கே கேட்கிறபடி சொல்வார்கள். பெண்டாட்டிமார்தான் என் பிராணனை வாங்குவார்கள்.

சித்ரலேகா அக்கா முதன்முதலாக வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மத்தியானச் சங்கு ஊதிவிட்டது, பின்னால் ஏழு பேர் நிற்கிறார்கள்.

"யாருக்கு அக்கா அனுப்பணும்?"

"அவுகளுக்குத்தான்."

"அவுக பேரு என்னன்னு கேக்கேன்."

"அதை எப்படி என் வாயால சொல்ல?"

இடுப்பில் வேணி இருந்தாள். அப்போது இரண்டு வயது. பிள்ளையாவது சொல்லட்டும் என்று, "ஏ பிள்ள, உங்க அப்பா பேரு என்ன?" என்று கேட்டேன். அவள் அம்மாவின் மணிபர்ஸைப் பிடுங்கி, அதிலிருந்த போட்டோவில் விரலை வைத்து, "அப்பா" என்றாள். பிறந்த நாற்பதாம் நாள் விமானம் ஏறியவர் அவர். பிள்ளை அவரைப் பார்த்ததெல்லாம் அந்தப் போட்டோவில்தான்.

எனக்குப் பசி. பசித்தால் எனக்குக் கோபம் வரும். பெயர் என்று இருந்த இடத்தில் 'Avuga' என்று அடித்து, சீட்டைக் கிழித்துப் போட்டேன். அது வசதியாக இருந்ததால் அடுத்து வந்தவர்களுக்கும் அதையே செய்தேன். ஒரு வருஷத்தில் என் முகவரிப் புத்தகத்தில் முப்பத்தொரு அவுக சேர்ந்துவிட்டார்கள். குழப்பம் எதுவும் வரவில்லை. அனுப்பிய மெயில்களின் தலைப்பில் அனுப்பிய பெண்ணின் பெயர் இருக்கும். சித்ரலேகா வந்தால் சித்ரலேகாவின் பழைய மெயிலைத் திறந்து, அதே முகவரிக்குப் புதிதை அனுப்புவேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

தொண்ணூற்றொன்பது ஜூனில் கம்ப்யூட்டர் ஆஸ்துமாக்காரர் மாதிரி இரைய ஆரம்பித்தது. அண்ணாச்சி அதைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கினார். திருநெல்வேலியிலிருந்து புதியதைக் கொண்டுவந்த மகேஷ், "அட்ரஸையெல்லாம் எடுத்துக்கிட்டீங்களா? அங்கன போனதும் துடைச்சிருவோம்" என்று கேட்டான்.

"அதெல்லாம் நீங்க சொல்லணுமாக்கும்?" என்றேன். முந்தின நாளே மெனுவில் தேடி, முகவரிப் புத்தகத்தை ஏற்றுமதி செய்யும் வித்தையைக் கண்டுபிடித்திருந்தேன். பெயர், ஒரு காற்புள்ளி, முகவரி. வரிக்கு ஒருவராக மொத்தப் புத்தகமும் ஒரு பிளாப்பியில் அடங்கிவிட்டது. பழைய கம்ப்யூட்டர் பஸ் ஏறியது.

மறுநாள் திங்கட்கிழமை. கடை திறக்கும்போதே சித்ரலேகா அக்கா வாசலில் நின்றாள். கையில் ஒரு பழுப்பு நிற உறை.

"சௌந்தரி, டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்துட்டு! பதினோரு வருசமா எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்ல பதிஞ்சு வச்சிருந்தது. வள்ளியூர் பக்கம். இது கிடைச்சா ஊருக்கே வந்திருதேன்னு அவுக சொல்லியிருக்காக. நாளைக்குக் காலையில அங்க இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து வாங்குதாகளாம். போட்டுட்டா பாஸ்போர்ட்ட வாங்கி உள்ள வச்சிருவாகளாம். இப்பவே அனுப்பு."

சந்தோஷமாகப் புதிய கம்ப்யூட்டரில் பிளாப்பியைப் போட்டு முகவரிகளை ஏற்றினேன். வரிசையாக வந்து நின்றார்கள்: Avuga, Avuga, Avuga. பழைய மெயில்களைத் தேடினால் ஒன்றுகூட இல்லை. முகவரிகளை எடுத்த நான் மெயில்களை எடுக்க மறந்திருந்தேன். மகேஷுக்குப் போன் போட்டேன். நேற்றே துடைத்துவிட்டானாம். இவ்வளவு சுறுசுறுப்பான ஆளை நான் பார்த்ததில்லை.

முகவரிகளைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. பாதி கம்பெனி கிளார்க்குகளுடையது, மீதி பக்கத்துக் கடைக்காரர்களுடையது. எல்லாம் ஏதோ பட்டப் பெயரும் எண்ணுமாக இருந்தன. அக்காவின் வீட்டுக்காரர் மாதத்துக்கு ஒரு தடவை போன் கார்டு போட்டுப் பேசுவார், இங்கிருந்து கூப்பிட நம்பர் இல்லை. கம்பெனி முகவரி வெறும் தபால் பெட்டி. தந்தி கொடுத்தாலும் பெட்டியைத் திறக்கிற அன்றைக்குத்தான் கிடைக்கும்.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி ஆறியிருப்பேன். உறையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, முப்பத்தொரு பேருக்கும் அனுப்பிருவோம்."

"ஐயோ, என் கடுதாசிய முப்பத்தொரு ஆம்பளை படிக்கவா?"

"முப்பது பேருதான். ஒருத்தரு உங்க ஆளு."

அண்ணாச்சி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, "அனுப்பும்மா, ஆபத்துக்கு என்ன வெக்கம்?" என்றார். அக்கா சொன்னாள், நான் அடித்தேன். ஆர்டர் வந்துட்டு. கையெழுத்துப் போடாதீங்க. வாங்க. வேணி உங்களைக் கேக்கா. மேலே நானாக ஒரு வரி சேர்த்தேன்: 'இது விக்கிரமசிங்கபுரம் சித்ரலேகாவின் வீட்டுக்காரருக்கு. மற்றவர்கள் மன்னிக்கவும், தெரிந்தால் சொல்லிவிடவும்.'

சாயங்காலத்துக்குள் ஒன்பது பதில் வந்துவிட்டது. ஒருவர் வாழ்த்துச் சொல்லி, தன் மனைவியையும் ஒரு மெயில் போடச் சொன்னார். ஒருவர், 'நான் கையெழுத்துப் போட்டு ஆறு மாசம் ஆச்சே, இப்ப என்ன செய்ய?' என்று பதறினார். இன்னொருவர், 'வேணி என்று எனக்கு யாரையும் சத்தியமாகத் தெரியாது, இதை என் வீட்டுக்காரியிடம் சொல்லவும்' என்று எழுதியிருந்தார். அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் வர வேண்டிய பதில் வரவில்லை.

மறுநாள் காலையிலிருந்து கால் மணிக்கு ஒரு தடவை மோடத்தைக் கூப்பிட்டேன். பத்தரை ஆனது, பதினொன்றரை ஆனது. அங்கே மணி பத்து, கையெழுத்து நேரம். புதிய மெயில் எதுவும் இல்லை. பன்னிரண்டரைக்கு அக்கா எழுந்து, "போட்டிருப்பாக" என்றாள். எனக்கு என்மேலேயே வெறுப்பு வந்தது. ஒரு பெயரைக் கேட்டு வாங்கப் பொறுமை இல்லாத கழுதை நான் என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானச் சங்கு ஊதியது. வேலையோடு வேலையாக இன்னொரு தடவை பார்த்தேன்.

ஒரே ஒரு மெயில். மில் குவார்ட்டர்ஸ் எலிசபெத் அக்காவின் வீட்டுக்காரர் கிருபைராஜிடமிருந்து. அங்கே பெரிய கேம்ப் ஒன்றின் வாசலில் மளிகைக் கடையில் இருக்கிறார். மெயிலை இன்று காலையில்தான் பார்த்தாராம். பார்த்ததும் கடைக்கு வந்த நம்மூர்க்காரன் ஒவ்வொருவனையும் நிறுத்தி, 'ஏலே, உன் பொண்டாட்டி பேரு சித்ரலேகாவா?' என்று கேட்டிருக்கிறார். ஆம்பளைகளுக்குப் பெண்டாட்டி பெயரைச் சொல்ல ஒரு தடையும் இல்லையே. ஏழாவது ஆள், 'என் பொண்டாட்டி இல்ல, குமரகுருபரன் பொண்டாட்டி' என்றிருக்கிறான். ஓடிப் போய்ப் பார்த்தால் குமரகுருபரன் ஆபீஸ் வாசல் வரிசையில், கையெழுத்துக்கு நாலாவது ஆளாக நின்றிருக்கிறார்.

'கையெழுத்துப் போடவில்லை. பக்கத்தில்தான் நிற்கிறார், அழுகிறார். அவர் கம்பெனி கிளார்க் லீவில் கேரளம் போயிருக்கிறான், அவனுக்கு அனுப்பியது யாரும் படிக்காமல் கிடக்கிறது.'

சரியான முகவரிக்கு மட்டும் அனுப்பியிருந்தால் அவருக்குத் தெரிந்தே இருக்காது. இதை நான் அண்ணாச்சியிடம் நாலு தடவை எடுத்துச் சொன்னேன். அக்கா திரையில் இருந்த பெயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், கண்ணெல்லாம் நீர். தமிழிலேயே எட்டு எழுத்துப் பெயர். அவள் சொல்லாமல் இருந்ததற்காக அன்று முதல் தடவையாக மனதுக்குள் நன்றி சொன்னேன்.

ஆடி கழிந்து ஒரு மத்தியானம், வெயிலில் கறுத்துப்போன ஒருவர் பூத்துக்குள் வந்தார். இடுப்பில் வேணி, புது ஆளிடம் இருக்கிற பிள்ளை மாதிரி கொஞ்சம் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். ஆனாலும் அவர் சட்டைக் காலரை விடவில்லை.

"கிருபைராஜுக்கு ஒரு மெயில் போடணும்மா. நல்லபடியா வந்து சேர்ந்துட்டேன்னு."

எனக்கு யாரென்று தெரிந்துவிட்டது. இருந்தாலும் நான் இப்போது திருந்தியவள், முறைப்படிதான் எல்லாம். "அனுப்புறவங்க பேரு?" என்றேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் வேணி அவர் மூக்கின்மேல் விரலை வைத்து, "அப்பா" என்றாள்.

தலைப்பில் அதையே அடித்து அனுப்பினேன்.