ஃபரீதாவின் இடதுகைப் பழக்கம்

பெருங்குடியில் இருந்த அந்தக் காப்பீட்டு அலுவலகத்தில் ஆட்குறைப்பு நடந்தால், போனவரின் வேலையோடு அவருடைய பழக்கங்களையும் மீதியிருப்பவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். விண்ணப்பங்களைப் படியெடுக்கும் பிரிவில் இருந்த ஜெசிந்தாவுக்கு முதல் சுற்றில் வேல்மயிலின் அடுக்குத் தும்மல் வந்தது. இரண்டாவது சுற்றில் ஃபரீதாவின் இடதுகைப் பழக்கம். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள்.

இடது கையால் எழுத ஆரம்பித்ததும் அவளுக்கு வேகம் கூடியது. மூன்றாவது சுற்றில் அவள் பெயர் வராததற்கு அதுதான் காரணம். இருந்தாலும் தினமும் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அடுத்த சுற்று ஞாபகம் வந்தது. காலியான நாற்காலிகளைப் பார்க்காமல் முன்னாலிருக்கும் தாளை மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டாள். ஒரு தாள், அப்புறம் இன்னொரு தாள். அப்படியே நாள் ஓடிவிடும்.

நான்காவது சுற்றுக்கு மதிப்பீடு செய்யும் நாளுக்கு முதல் நாள் ஃபரீதா போன் செய்தாள்.

"ஜெசி, நாளைக்கு ஒரு கம்பெனில எழுத்துத் தேர்வு. எனக்கு இப்ப எந்தக் கையாலயும் எழுத வரல. ஒரே ஒரு நாள் தருவியா?"

"நாளைக்கா அக்கா?"

"உனக்குக் கஷ்டம்னா வேணாம்மா."

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் ஜெசிந்தா கைகுலுக்கிப் பழக்கத்தைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் வலது கையால் எழுதினாள். எழுத்துகள் கோணிக்கொண்டு போயின. மதியம்வரை முப்பது விண்ணப்பங்கள்கூட முடியவில்லை. நடுவில் தும்மல் வேறு. மேலாளர் தனசேகரன் மேசையருகே வந்து நின்றார்.

"என்னம்மா, ஃபரீதா கையைக் காணோம்?"

"தேர்வுக்குக் கொடுத்திருக்கேன் சார். சாயங்காலம் வந்துடும்."

அவர் மேசையில் மீதியிருந்த விண்ணப்பங்களில் பாதியை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஃபரீதாவுக்கு வேலை கிடைத்தது. பழக்கத்தைத் திருப்பித் தர வந்தவளிடம் ஜெசிந்தா, "வச்சிக்கோங்க அக்கா. அங்க எழுத வேண்டியிருக்கும்ல" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு நான்காவது சுற்றின் முடிவு இன்னும் வரவில்லை என்பது உறைத்தது.

மாதக் கடைசியில், வேலையை விட்டுப் போக வேண்டியவர்களின் பட்டியல் ஒட்டினார்கள். ஜெசிந்தா அதை மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை படித்தாள். ஒரே பெயர்தான் இருந்தது: புதன்கிழமை. அதன் வேலையைச் செவ்வாயும் வியாழனும் பார்த்துக்கொள்ளும் என்று கீழே போட்டிருந்தது.

அடுத்த வாரம் ஜெசிந்தா செவ்வாய்க்கிழமை மாலை வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கி, மறுநாள் வியாழக்கிழமை வேலைக்கு வந்தாள். வியாழன் வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. நாலு மணிக்கு இன்னொரு டீ குடித்தாள்.