அட்டாலிக்கு வரி

மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டு ரூபாய். நகராட்சி நோட்டீசில் அந்தத் தொகை எண்ணிலும் எழுத்திலும் இருந்தது. மூன்று அரையாண்டுக்கான சொத்து வரி பாக்கி. மார்ச் முப்பத்தொன்றுக்குள் கட்டாவிட்டால் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும் என்று கீழே ஒரு வரி. பூபதி வரிப் பிரிவுக்கு வெளியே இரும்புப் பெஞ்சில் உட்கார்ந்து அதை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். எவ்வளவு குளித்தாலும் போகாத தறிப்பஞ்சு காதோரம் ஒட்டியிருந்தது.

முன்பு அரையாண்டுக்கு நானூற்று முப்பத்தெட்டு. ஒன்றரை வருடத்துக்கு முன் திடீரென்று ஆயிரத்து முந்நூற்றுப் பதினாறு என்று பில் வந்தது. அச்சுப்பிழை என்று நினைத்து நானூற்று முப்பத்தெட்டோடு வந்தார். கவுண்டரில் வாங்கவில்லை. குறைத்து வாங்க மாட்டார்கள், கூட்டிக் கட்ட இவரிடம் இல்லை. அப்படியே நின்றுபோனது.

"அடுத்த ஆளு வாங்க" என்றாள் உள்ளே இருந்த மோகனப்பிரியா.

பூபதி நோட்டீசை நீட்டினார். "அம்மணி, எங்குளுது ஓட்டு ஊடுங்க. இதுல மாடி ஊடுன்னு போட்டிருக்குதுங்க."

அவள் கணினியில் தட்டிப் பார்த்தாள். பின்னால் இருந்த அலமாரியைத் திறந்து, கட்டு ஒன்றைப் பிரித்து, ஒரு தாளை உருவி மேசைமேல் வைத்தாள். இரண்டு வருடத்துக்கு முன் வீட்டு விவரம் கேட்டுத் தெருத்தெருவாகக் கொடுத்த படிவம்.

"இது உங்க எழுத்துதானுங்களாண்ணா?"

"ஆமாங்க. நானே எழுதுனதுதான்" என்றார் பூபதி. குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. நாற்பது வயதுக்கு மேல், மகள் அபிநயாவின் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை வைத்து அவளிடமே எழுத்துப் படித்தவர். அந்தத் தெருவில் எல்லோரும் ஜெராக்ஸ் கடையில் முப்பது ரூபாய் கொடுத்து எழுதி வாங்க, இவர் மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் உட்கார்ந்து தன் கையாலேயே நிரப்பினார்.

மோகனப்பிரியா பேனாவால் ஒரு கட்டத்தைச் சுட்டினாள். 'மேல்தளம் இருப்பின் விவரம்' என்று அச்சில் இருந்தது. அதற்கு நேராக, ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக நிற்க, பூபதி எழுதியிருந்தார்: அட்டாலி. நீளம் 20. அகலம் 12.

"சாமான் போடற அட்டாலி, ஓட்டுக்கடியில, மேலதானுங்க இருக்குது. இல்லைன்னு எழுதுனா பொய்யாயிருமல்லொ?"

அவள் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. "எங்கூட்லயும் அட்டாலி இருக்குதுங்கண்ணா. உரிச்ச தேங்காயும் ஓட்டைக் குண்டாவுந்தான் கெடக்குது. ஆனா இதெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துனவங்க வெளியூர் ஆளுங்க. அந்தக் கட்டத்துல என்ன இருந்தாலும் மொதல் தளம்னு போட்டுட்டாங்க. மேல தளம் இருந்தா ஓட்டு ஊடா இருக்காது, கான்கிரீட்டுன்னு அதுவே மாத்திக்கிச்சு."

"அழிச்சுப்போட முடியாதுங்களா?"

"நான் அழிச்சா என் வேலை போயிருமுங்க. மேல்முறையீடுன்னு மனு குடுங்க. ஆள் வந்து அளப்பாங்க."

மனுவையும் அன்றே அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அவரே எழுதிக் கொடுத்தார். முதல் முறை கதவு எண் விட்டுப்போனது என்று திருப்பினார்கள். அடுத்த முறை பழைய ரசீதின் நகல் இல்லை. மூன்றாம் முறை வாங்கிக்கொண்டு முத்திரை குத்தினார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு ஷிப்ட் போனது. ஷிப்ட்டுக்கு ஐந்நூற்று இருபது. தறிக்குடோன் மேஸ்திரி, "ஏனுங்க பூபதி, கவுன்சிலர் எலெக்சன்ல நிக்கறீங்களா, தெனமும் நகராட்சிக்கே போறீங்க?" என்று கேட்டார்.

அளக்க வந்தவன் சித்தார்த். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். வாசலில் நின்று ஓட்டுக்கூரையை அண்ணாந்து பார்த்தான். கையிலிருந்த தாளைப் பார்த்தான். மறுபடியும் கூரையைப் பார்த்தான்.

"மாடிப்படி எங்கங்க?"

"படியெல்லாம் இல்லீங்க சார், ஏணிதான்" என்று மஞ்சுளா மூங்கில் ஏணியைக் கொண்டுவந்து சுவரில் சாத்தினாள். பூபதியின் மனைவி. அவளும் அன்று நூல் சுற்றும் வேலைக்குப் போகவில்லை. "பாத்து ஏறுங்க, நாலாவது பழு ஆடும்."

அவன் ஏறி, தலையை நீட்டி, விட்டத்தில் இடித்துக்கொண்டான். பலகை அதிர்ந்தது. உள்ளேயிருந்து பூனை ஒன்று சீறியது.

"இங்க யாராச்சும் குடியிருக்காங்களா?" படிவத்தில் இருந்த கேள்வியை அவன் மேலிருந்தே கேட்டான்.

"ஆமாங்க. ஒரு தாயும் மூணு புள்ளைகளும்" என்றாள் மஞ்சுளா. "வாடகையே தர்றதில்லைங்க சார், நீங்களாச்சும் கேட்டுப் பாருங்க."

பூபதி அவளை முறைத்தார். மேலே சித்தார்த் சிரிப்பது கேட்டது. முழங்காலில் தவழ்ந்து டேப்பைப் பிடித்தான். உச்சியில் உயரம் நாலடி, ஓரத்தில் ஒன்றேகாலடி. இறங்கும்போது சட்டையெல்லாம் நூலாம்படை.

"இதுக்கு எங்க ஊர்ல பரண்னு பேருங்க. பரண்னு எழுதியிருந்தா அப்பவே விட்டிருப்பாங்க."

"பரணுன்னா சோளக்காட்டுல குருவி ஓட்ட உக்காருறதுங்க" என்றார் பூபதி. "ஊட்டுக்குள்ள யாருங்க குருவி ஓட்டுவா?"

சித்தார்த் மஞ்சுளா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, 'மனிதர் நிற்க இயலாத பொருள் வைப்பிடம், தளம் அல்ல' என்று எழுதினான். பூபதி அவன் தோளுக்குப் பின்னால் நின்று முழுதும் படித்தார். எழுத்துப் பிழை எதுவும் இல்லை.

மார்ச் இருபத்தாறாம் தேதி ஆணை வந்தது. ஓட்டு வீடு, தரைத்தளம் மட்டும். மூன்று அரையாண்டுக்கும் சேர்த்து ஆயிரத்து முந்நூற்றுப் பதினான்கு. பூபதி எண்ணிக் கொடுத்தார். மோகனப்பிரியா ரசீதை அச்சடித்துவிட்டு, "பாத்துக்கங்கண்ணா, பாக்கி சைபர்" என்று கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

அந்தத் தெருவின் பட்டியல் முழுதும் திரையில் இருந்தது. பூபதி தன் கதவு எண் நாற்பத்தேழைக் கண்டுபிடித்தார். முதல் தளம்: இல்லை. கண் அதற்கு மேலே இருந்த வரிக்குப் போனது. நாற்பத்தாறு, சின்னுசாமி. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர். நான்கு வருடத்துக்கு முன் பழைய வீட்டை இடித்துவிட்டு மூன்று மாடி கட்டி, உள்ளே லிப்ட் வைத்தவர். பூபதி எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்தார்.

"ஓட்டு... வீடு. மொதல் தளம்... இல்லை."

மோகனப்பிரியா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அது உங்குளுது இல்லீங்கண்ணா."

"இல்லீங்க அம்மணி, அங்க மூணு மாடி..."

"அவங்க எழுதிக் குடுத்ததுதான் ஏறியிருக்குதுங்க" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "நீங்க போயிட்டு வாங்க. அடுத்த ஆளு."

அவர் ரசீதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். வழியில் இரண்டு தரம் எடுத்துப் பார்த்தார். அன்றைய ஷிப்ட்டும் போய்விட்டிருந்தது.

மஞ்சுளா வாசலில் சாக்கு விரித்து மிளகாய் காயப்போட்டிருந்தாள். ரசீதைப் பார்த்ததும் அவள் முகம் விரிந்தது.

"தண்ணிய நிறுத்த மாட்டாங்கல்ல?"

"எதுக்கு நிறுத்துவான்? பாக்கி சைபர்."

"நாம கெலிச்சுட்டமுங்க! எத்தன கொறைஞ்சுது?"

"ரெண்டாயிரத்து அறுநூத்தி முப்பத்தி நாலு. எனக்குப் போன ஷிப்ட்டு அஞ்சு, ரெண்டாயிரத்து அறுநூறு."

அவள் விரல்விட்டுப் பார்த்தாள். "அப்ப முப்பத்திநாலு ரூபா லாபம். ரெண்டு டீக்கும் ஒரு பஜ்ஜிக்கும் ஆச்சு."

"உம்பட கூலியச் சேத்தாம உட்டுட்டியே புள்ள."

"அதெதுக்குங்க இப்ப? சந்தோசமா இருங்க" என்று அவள் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது.

மணி மூன்றுகூட ஆகவில்லை. நாற்பத்தாறாம் எண் வீட்டின் நிழல் ஓட்டுக்கூரையைத் தாண்டி வாசலுக்கு இறங்கி, மிளகாயின் பாதியை மூடியிருந்தது.

"அந்தப் பக்கம் புடிங்க" என்றாள் மஞ்சுளா.

இருவரும் சாக்கின் இரண்டு முனைகளையும் பிடித்து, மிளகாய் சிந்தாமல், சாக்கடை ஓரம் மிச்சமிருந்த ஒரு முழ வெயிலுக்கு இழுத்துப் போட்டார்கள்.