குணாளன் சார் கை நீட்டிய வெள்ளிக்கிழமை

இனிப் பள்ளிக்கூடத்தில் பிரம்படியே கூடாது என்று உத்தரவு வந்ததும், சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டப்பள்ளியின் கட்டொழுங்கு ஆசிரியர் குணாளன் இருந்த ரோத்தான் பிரம்புகளையெல்லாம் ஒடித்துக் குப்பையில் போட்டார். ஒன்றே ஒன்றைத்தான் போட முடியவில்லை. வருசா வருசம் சரஸ்வதி பூசையில் புத்தகங்களோடு சேர்ந்து சந்தனமும் குங்குமமும் வாங்கிக்கொண்ட பிரம்பு அது. பூசை கண்டதைக் குப்பையில் போட யாருக்குத் தைரியம் வரும்?

தலைமையாசிரியை அக்னஸ் மாதா கோயில்காரர். அவரும் கையை விரித்துவிட்டார். "உங்க சாமி விசயத்துல நான் ஏன் லா தலையிடணும்? வெள்ளி, சனி லீவு முடிஞ்சு ஞாயித்துக்கிழமை பள்ளி தொறந்ததும் அலோர் ஸ்டார் கல்வி இலாகாவுலேருந்து அதிகாரி வர்றாங்க. இது கண்ணுல பட்டுச்சு, உங்கள கடலுக்கு அந்தப் பக்கம் சபாவுக்கு மாத்திருவாங்க."

சபா என்றதும் சார் பிரம்பைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். வீட்டுக்கு எடுத்துப் போனால், மனைவி நளினி வாசலிலேயே மறித்தாள். "எத்தன புள்ளைங்க அழுத பெரம்பு! உள்ள கொண்டாராதீங்க." சொந்தப் பிள்ளைகளை மிரட்ட அதே பிரம்பை இரவல் கேட்டவள்தான். நமக்கெதற்கு அந்தக் கதை?

கடைசியில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் முனியாண்டி கோயிலுக்குப் போனார். அரிவாளோடு அரிவாளாக அதுவும் கிடக்கட்டும் என்பது அவர் கணக்கு. சாமியாடி சின்னையா கூலிம் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன். சாரின் பழைய மாணவன். உடுக்கை அடித்ததும் அவன்மேல் சாமி இறங்கியது.

"சாமி, இத நீங்க ஏத்துக்கணும்."

"ஏத்துக்கிறேன்டா. ஊரான் புள்ளைங்களையெல்லாம் ருசி பாத்துச்சே, உன்னைய இன்னும் பாக்கலையே? கைய நீட்டு!"

"சாமி, இப்ப அடிக்கக் கூடாதுன்னு சட்டமே வந்திருச்சுங்க..."

"நான் என்ன ஸ்கூலாடா நடத்துறேன்?"

கூட்டத்தில் பாதிப்பேர் சாரிடம் படித்தவர்கள். லோரி ஓட்டும் புவனேசன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தான். "சார், கண்ண மூடிக்குங்க லா! வலி தெரியாது!"

சபாவை நினைத்துக்கொண்டு சார் கையை நீட்டினார். பிரம்பு விர்ரென்று இறங்கியது. அவரைக் கேட்காமலே கை பின்னால் போய்விட்டது. அடி சாமியின் முழங்காலிலேயே விழுந்தது.

"அம்மாடி!" என்று அலறியது சாமி.

பிறகு வாய்ப்பாடு ஒப்பிக்கும் ராகத்தில், பழைய மாணவர்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் சாரின் சட்டத்தைச் சாருக்கே சொன்னார்கள்:

"கைய இழுத்தா ரெண்டு, சார்!"

ஒற்றைக்காலில் நின்றபடி சாமி ஆமென்று தலையாட்டியது.

ஞாயிற்றுக்கிழமை வந்த அதிகாரி தேவகி, அலமாரிகளையெல்லாம் திறந்து பார்த்துவிட்டுத் திருப்தியோடு கேட்டார்: "உத்தரவுக்கப்புறம் இங்க யாரும் அடி வாங்கலையே, சார்?"

"மாணவருங்க யாரும் இல்லைங்க, மேடம்" என்றார் குணாளன், வீங்கிய உள்ளங்கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு.