ஏழாவது கேள்வி

சனிக்கிழமை என்றால் பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கடன் சங்கம் மூடிவிடும். பத்தரை ஆகியும் என் மனைவி செங்கமலம் மனுப் படிவத்தின் ஏழாவது கேள்விக்குப் பதில் எழுதாமல் உட்கார்ந்திருந்தாள். நான் மூன்றாவது முறையாக எழுந்துபோய்த் தண்ணீர் மொண்டு குடித்தேன். தாகமெல்லாம் ஒன்றுமில்லை.

‘விண்ணப்பதாரர் இருவரில் எவர் பெயரிலாவது இதற்கு முன் வீடு இருந்ததா?’ முதல் வீடு கட்டுகிறவர்களுக்குத்தான் சங்கம் கடன் தரும். நான் நிலக்கரிச் சுரங்கத்தில் மண் தோண்டும் மிஷின் ஓட்டுகிறவன். அவள் பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் டீச்சர். இரண்டு சம்பளத்தையும் சேர்த்துக் காட்டினால்தான் எங்களுக்குத் தகுதி. அடுத்த வருடம் நான் ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மனு கொடுக்க இன்றே கடைசி நாள். இதையெல்லாம் அவளுக்குத் தெரியாததுபோலத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் பெயரில் ஒரு குடிசைகூட இருந்ததில்லை. அவள் பெயரில் இருந்தது. மகனுக்கு நிலம், மகளுக்கு வீடு என்று மாமனார் எழுதிவைத்த ஓட்டு வீடு. எழுபத்தெட்டில் சுரங்கத்துக்காக ஊரையே எடுத்தபோது அதுவும் போயிற்று. மற்றவர்கள் ஓட்டையும் உத்திரத்தையும் பிரித்துக்கொண்டு போனார்கள். இவள் தலைவாசல் கதவை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். ஆறு வருடமாக அது எங்கள் பின்சுவரில் கோணி போர்த்திச் சாய்ந்திருக்கிறது. எனக்குக் காய்ச்சல் வந்தால் கஷாயம் உண்டோ இல்லையோ, கதவுக்கு மாதாமாதம் எண்ணெய் உண்டு. புது வீடு கட்டினால் அதைத்தான் வாசலில் மாட்ட வேண்டும் என்பாள்.

“இல்லைன்னு எழுது, செங்கமலம். சங்கத்து கிளார்க் சிங்காரவேலே சொல்லிட்டாரு. பள்ளத்துல போன வூட்ட எவன் வந்து பாக்கப்போறான்?”

அவள் நிமிர்ந்தாள். “நான் பொறந்த வூடு. அப்படி ஒண்ணு இருந்ததே இல்லைன்னு என் கையால எழுதணுமா?”

“இருந்துச்சுன்னு எழுதுனா அந்தக் கதவ எங்க மாட்டுவ?”

கேட்டிருக்கக் கூடாது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு என்றைக்குத் தெரிந்தது. அவள் பேனாவை மூடிப் படிவத்தின் மேல் வைத்து என் பக்கம் தள்ளினாள்.

“அப்ப நீங்களே எழுதுங்க. எங்க தெருவத் தோண்டுன அன்னிக்கு மிஷின்ல நீங்கதான குந்திகினு இருந்தீங்க.”

அன்றைக்கு லீவு போட்டுவிட்டதாக அவளிடம் சொல்லியிருந்தேன். ஆறு வருடமாக அவள் அதை நம்பியதாகவும் நினைத்திருந்தேன். அவர்கள் வீட்டுக் கிணற்று உறை மண்ணோடு மேலே வந்ததைப் பார்த்த பிறகும், ஷிப்ட் முடியும்வரை நிறுத்தாமல் ஓட்டியவன் நான்.

குவார்ட்டர்ஸ் பிளாக் முனையில் பஸ் ஹார்ன் அடித்தது. இதை விட்டால் அடுத்த பஸ் பன்னிரண்டுக்குத்தான். அவள் எழுந்து பின்பக்கம் போனாள். நான் பேனாவைத் திறந்தேன்.

சன்னல் வழியே தெரிந்தாள். கோணியை விலக்கி, கதவில் படிந்திருந்த கரித்தூசியை முந்தானையால் துடைத்தாள். பிறகு தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாள். போன வாரம் நான் போட்ட எண்ணெயில் அது சத்தமில்லாமல் நகர்ந்தது.