பசியாறிட்டீங்களா

என் வேலையைப் பிடுங்கியதும் ஏஐதான், எனக்குச் சோறு போட்டதும் ஏஐதான். மலேசியாவில், சிரம்பான் பக்கத்துச் சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் பல வருடங்கள் சரக்கின் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தேன். ஒருநாள் கேமரா ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார்கள். கீறல், ஓட்டை, கோணல் எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொண்டது. என்னைவிட நன்றாகவே பார்த்தது என்பதுதான் எரிச்சல். கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள்.

அப்போது என்னைக் கூப்பிட்டவள் மோகனா. லாபு பக்கத்தில் ஒரே செம்பனைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள் நாங்கள். என்னைவிட இளையவள். கோலாலம்பூரில் பெரிய கம்பெனியில் கணினி வேலை பார்த்தாள். சிரம்பானில் இருட்டோடு ரயில் ஏறி இருட்டோடு வந்து இறங்குவாள். அதை உதறிவிட்டு, அம்பாங்கானில் கனி பாய் சாப்பாட்டுக் கடைக்கு மேல் மாடியில், மீன்குழம்பு வாசனைக்கு நடுவே சொந்தமாக ஒரு கம்பெனி தொடங்கியிருந்தாள். கதவில் ‘செயற்கை நுண்ணறிவு’ என்று எழுதி ஒட்டியிருந்தது. படித்ததுமே எனக்குக் கடுப்பு ஏறியது. இந்தச் சனியன்தான் என்னை நடுத்தெருவில் விட்டது, இதற்கே நான் வேலை செய்ய வேண்டுமா என்று உள்ளே போய்க் கேட்டேன்.

“அதனாலதாண்ணே உங்கள கூப்டேன்,” என்றாள். “அது மேல கோவமா இருக்கிற ஆளுதான் அது செய்ற தப்ப கண்டுபிடிப்பாரு.”

மறுநாளே போய் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் செய்துகொண்டிருந்தது மருத்துவமனைகளுக்கான ஒரு பேசும் இயந்திரம். அறுவை சிகிச்சைக்கு வருகிறவர்களை அன்று காலையில் தொலைபேசியில் அழைத்து, வெறும் வயிற்றோடு இருக்கிறார்களா என்று தமிழில் கேட்கும். வெறும் வயிறு என்றால் திரையில் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. வயிற்றில் ஏதாவது இருக்கும்போது மயக்க மருந்து கொடுத்தால், வாந்தி மூச்சுக்குழாயில் ஏறி உயிருக்கே ஆபத்தாகிவிடும். மலாய் சரியாக வராத நம் பெரியவர்கள் எதைக் கேட்டாலும் “யா, யா” என்று தலையாட்டிவிட்டு வருவார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பாடு.

அந்தக் குரலுக்கு ரோகினி என்று பெயர் வைத்திருந்தாள். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று உருவாக்கிய குரல். பேசினால் டிவியில் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கும். ஒரு இருமல், ஒரு தடுமாற்றம் கிடையாது. நான் தினமும் காது கேட்காத தாத்தாவாகவும் சண்டைக்கார மாமியாகவும் நடித்து அதை மடக்கப் பார்ப்பேன். மோகனா சிரித்துக்கொண்டே திருத்துவாள். அவள் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவள் வெட்கப்பட்டதே இல்லை. அந்த ஏஐயிடமே கேட்பாள், அது சொன்ன பதிலை நம்பாமல் சோதிப்பாள், அது உளறினால் திட்டிவிட்டு மறுபடி கேட்பாள். நான் கேமராவைப் பார்த்துப் பயந்தேன். இவள் அதன் காதைத் திருகி வேலை வாங்கினாள்.

கடைசியில் சிரம்பானில் ஒரு தனியார் சிகிச்சை மையம், சரி, ஒருநாள் நடத்திக் காட்டுங்கள் என்றது. அது கிடைத்தால் கம்பெனி பிழைக்கும். கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் கதவைச் சாத்திவிட்டு மோகனா மறுபடியும் ரயில் ஏற வேண்டியதுதான்.

அன்று காலை மையத்தின் மேலாளர், புவான் அஸ்லினா என்ற மலாய்க்கார அம்மாளின் அறையில் உட்கார்ந்திருந்தோம். அவருக்குத் தமிழ் தெரியாது. அன்றைக்கு வரவேண்டிய நோயாளிகளை, அவர்களின் சம்மதத்தோடு, ரோகினி ஒவ்வொருவராக அழைத்தது. அறை முழுக்கக் கேட்டது. பச்சை, பச்சை, சிவப்பு, பச்சை. எல்லாம் சரி. மேலாளர் முகம் மலர்ந்துவிட்டது. மற்ற கிளைகளிலும் வைக்கலாம் என்று பேசத் தொடங்கிவிட்டார்.

அடுத்து மாயாண்டி என்பவர். ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறவர், குடலிறக்கத்துக்காக வருகிறார். இரவிலிருந்து ஏதேனும் சாப்பிட்டீர்களா என்று ரோகினி கேட்டது.

“இல்லம்மா, சாப்பிடவே இல்ல. பசியாறிட்டுத்தான் கெளம்புறேன்லா,” என்றார் அவர்.

நன்றி ஐயா, வாருங்கள் என்றது ரோகினி. திரையில் பச்சை.

மலேசியத் தமிழருக்கு நான் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊரில் சாப்பிடுவது என்றால் சோறு. காலையில் ரொட்டி சானாயோ, தோசையோ, தேத்தண்ணியோடு பிஸ்கட்டோ உள்ளே போனால் அது சாப்பாடு அல்ல, பசியாறல். நாசி லெமாக் சோறுதான், ஆனாலும் காலையில் தின்றால் அதுவும் பசியாறல்தான். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. டாக்டர் சாப்பிடக்கூடாது என்றார், அவர் சோற்றைத் தொடவில்லை.

மோகனாவின் முகத்தைப் பார்த்தேன். வெளுத்துப்போயிருந்தது. அறையில் எங்கள் இருவருக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். நான் அவள் கையை மெல்ல இழுத்தேன். வெளியே போய் அவருக்கு நாமே போன் போட்டுச் சொல்லிவிடலாம், இங்கே வாயைத் திறக்காதே என்று காதோடு சொன்னேன். வெட்கமில்லாமல்தான் சொன்னேன். அந்தக் கம்பெனி எனக்கும் சோறு.

“இன்னிக்கு நாம கேட்டோம்ணே,” என்றாள். “நாளைக்கு நாம இல்லாதப்ப யாரு கேப்பா?”

எழுந்து நின்றாள். இந்தப் பச்சை தவறு, இவர் சாப்பிட்டிருக்கிறார், எங்கள் இயந்திரத்துக்குப் புரியவில்லை, இப்போதே நிறுத்துங்கள் என்று மலாயில் தெளிவாகச் சொன்னாள். பரவாயில்லை, இங்கே தாதியும் ஒருமுறை கேட்பாரே என்றார் மேலாளர். தாதி மலாயில் ‘மக்கான்’, சாப்பிட்டீர்களா என்று கேட்டால் அதற்கும் அவர் இல்லை என்றுதான் தலையாட்டுவார் என்றாள் இவள். அங்கேயே மாயாண்டிக்குப் போன் போட்டோம். டவுன் கடையில் இரண்டு ரொட்டி சானாய், ஒரு கிளாஸ் தே தாரேக். அவருடைய அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்தார்கள். எங்களையும் தள்ளிவைத்தார்கள்.

காரில் வரும்போது மோகனா அழுதாள். கம்பெனி போயிற்றே என்று அழவில்லை.

“எங்கம்மா காலையில என்ன கேப்பாங்க, சொல்லுங்க. பசியாறிட்டியான்னுதானே? அது எனக்குத் தெரியாதா? நம்ம பேச்ச எழுதினா தோட்டத்துக்காரின்னு நெனப்பாங்கன்னு, பொஸ்தகத் தமிழா தேடித் தேடி எழுதினேண்ணே.”

தொழிற்சாலையில் நானும் வீட்டுப் பேச்சை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன்.

இனி மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, மறுநாள் காலை அவள் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். எழுதிய கேள்விகள் அத்தனையையும் அழித்துவிட்டாள். தோட்டம் தோட்டமாகப் போனோம். கோயில் அன்னதானத்தில், செம்பனைக் குலை எடை போடும் இடத்தில், காற்பந்துத் திடல் ஓரத்தில், ஆட்களை உட்காரவைத்துப் பேசச் சொல்லி, அவர்கள் அனுமதியோடு பதிவு செய்தாள். வாய் நிறைய வெற்றிலையோடு பேசினார்கள், மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசினார்கள், பாதியில் மாட்டை விரட்டிவிட்டு வந்து பேசினார்கள். எல்லாவற்றையும் அந்த இயந்திரத்துக்கு ஊட்டினாள். புரியாவிட்டால் பச்சை காட்டாதே, மனிதரிடம் கொடு என்று அதற்குக் கற்றுக்கொடுத்தாள். அது ஊமையாக நின்றால்கூட எனக்குச் சந்தோஷம்தான், புரிந்த மாதிரி நடிக்கக்கூடாது என்றாள். படித்தவர்கள் பலருக்கே இது வராது.

ரோகினியையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். தன் குரலையே கொடுத்தாள். கோலாலம்பூரில் வேலை பார்த்தபோது ஒளித்து வைத்திருந்த தோட்டத்துக் குரல். முதல் தடவை கணினியிலிருந்து அது வந்தபோது, கீழே கனி பாய் கடையில் யாரோ நம் லயத்துப் பெண் கூப்பிடுகிறாள் என்று திரும்பிப் பார்த்துவிட்டேன். எனக்குக் கண் கலங்கியது உண்மைதான், மீன்குழம்பு தாளித்த புகை என்று சமாளித்தேன்.

மாதக் கடைசிக்குச் சில நாள் இருக்கும்போது புவான் அஸ்லினா போன் செய்தார். வெளிநாட்டிலிருந்து பெரிய கம்பெனி ஒன்று வந்து தங்கள் இயந்திரத்தைக் காட்டியதாம். தமிழில் ஒரு சொல் தெரியாத அந்த அம்மாள், தாதி ஒருத்தியிடம் கேட்டு மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு, அதனிடம் “சாப்பிடல, பசியாறிட்டேன்” என்றாராம். பச்சை காட்டியது. அவர்களை அனுப்பிவிட்டு எங்களைக் கூப்பிட்டார்.

மறுபடி அதே அறை. அன்றைக்கு மாயாண்டியின் முறை. மோகனா விரலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“வணக்கம்ணே, ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் பேசுறேன். காலையில பசியாறிட்டீங்களா? தேத்தண்ணி, ரொட்டி ஏதும் எடுத்தீங்களா?”

“இல்லம்மா, ஒண்ணுமே எடுக்கல. போன தடவதான் மாட்டிக்கிட்டேனே. வெறும் வயிறுதான்.” கொஞ்சம் நிறுத்தினார். “நீ பசியாறிட்டியாம்மா?”

இயந்திரம் பேசவில்லை. கம்ப்யூட்டர் என்று அதுவே சொன்ன பிறகும் ஒருவர் இப்படிக் கேட்பார் என்று நாங்கள் அதற்குச் சொல்லித் தரவில்லை. யாருக்குத் தோன்றும்?

“இன்னும் இல்லண்ணே,” என்றாள் மோகனா. மைக் பக்கம் குனியவில்லை, அவருக்குக் கேட்காது என்று அவளுக்குத் தெரியும். தன்னை மறந்து சொல்லிவிட்டாள்.

சரிண்ணே, பத்திரமா வாங்க என்று அவள் குரலிலேயே இயந்திரம் முடித்தது. திரையில் பச்சை. இந்தத் தடவை உண்மையான பச்சை.

அவர் கடைசியில் என்ன கேட்டார் என்று புவான் அஸ்லினா விசாரித்தார். நான் மலாயில் சொன்னேன், மோகனா சொன்ன பதிலையும் சேர்த்து. கேட்டுவிட்டு அவர், நாளையிலிருந்து எல்லாக் கிளைகளிலும் தொடங்கிவிடுங்கள் என்று மோகனாவிடம் சொல்லிவிட்டு, முதலில் கீழே கேன்டீனுக்குப் போய்ப் பசியாறிவிட்டு வாருங்கள் என்றார். அந்த ஒரு சொல்லை மட்டும் தமிழிலேயே சொன்னார்.