ரேடியேட்டருக்குத் தண்ணீர்

மலை சரிந்து ஊரைப் புதைத்த பிறகு, டயர் செருப்பு போட்ட எல்லோரும் பஸ் நின்ற இடங்களில் எல்லாம் நின்றார்கள். முகாமில் இருந்தவர்களுக்குக் காலில் போட ஒன்றும் இல்லை. சேற்றுக்குள்ளோ கண்ணாடியும் ஆணியும். மேட்டில் தப்பித்த பஞ்சர் கடைக்காரர், கடைக்குப் பின்னால் குவிந்து கிடந்த பழைய டயர்களை அறுத்து ஆளுக்கொரு ஜோடி செய்து கொடுத்தார். எல்லாம் ஊரின் ஒரே பஸ்ஸிலிருந்து தேய்ந்து கழற்றியவை. அந்த பஸ்ஸை ஓட்டியவர் அவருடைய தங்கையின் கணவர். பஸ்ஸும் மண்ணுக்குள், அவரும் மண்ணுக்குள்.

போட்ட அன்றே விஷயம் தெரிந்துவிட்டது. செருப்புகள் யாரையும் அவரவர் போக்கில் விடவில்லை. பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் வேகத்தைக் குறைத்தன, சந்தை வளைவில் ஓரமாக ஒதுங்கின, மாவு மில்லில் ஒரு நிமிடம் நின்றன. வழுக்கை டயரில் செய்தவை மட்டும் வளைவுகளில் கொஞ்சம் சறுக்கின. நிவாரணம் பற்றிப் பேச வந்த அதிகாரி இரவல் செருப்போடு மேடை ஏறி, பாதி வாக்கியத்தில் இறங்கி நடந்துவிட்டார். பஸ் கிளம்பும் நேரம் ஆகியிருந்தது. யாரும் தப்பாக நினைக்கவில்லை. பேச்சும் அப்படி ஒன்றும் பிரமாதமாக இல்லை.

"இடத்தக் காட்டுங்க, தோண்டுறேன்" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போன மண் அள்ளும் இயந்திரக்காரர், இப்போது செருப்புகளுக்குப் பின்னால் வந்தார். மில்லிலிருந்து எத்தனையாவது வீடு என்று எண்ணி, ஒவ்வொரு குடும்பமும் தன் வாசலைக் கண்டுபிடித்தது. டிரைவரின் மனைவி மட்டும் செருப்பைத் தொடவில்லை. மலை சரிந்த மதியம் டிரைவருக்கு விடுமுறை. கட்டிலில் படுத்தபடி தண்ணீர் கேட்டார். "இன்னைக்கு என்ன பஸ்ஸா ஓட்டுறீங்க? எழுந்து எடுத்துக் குடிங்க" என்று சொல்லிவிட்டு அண்ணன் கடைக்குக் கிளம்பி வந்தவள் அவள். தாகத்தோடு போய்ச் சேர்ந்தாரே என்ற நினைப்பு அவளை அரித்தது. முகாமில் யார் தண்ணீர் கொடுத்தாலும் உதட்டை நனைத்துவிட்டு வைத்துவிடுவாள்.

நிறுத்தமே இல்லாத ஓர் இடத்திலும் எல்லாச் செருப்புகளும் நின்றன. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, ஊருக்கே தெரிந்த கதை அது. கல்யாணமான நாளிலிருந்து அந்த பஸ்ஸின் ரேடியேட்டர் சரியாக டிரைவர் வீட்டு வாசலில்தான் சூடாகும். மனைவி ஒரு ஜக் தண்ணீரோடு வெளியே வருவாள். பாதி வண்டிக்கு, பாதி அவருக்கு. குடித்து முடித்து, ஜக்கைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் கியர் போடுவார். அதுவரை பயணிகள் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"கட்டில் எந்தப் பக்கம் கெடந்துச்சுன்னு நீதாம்மா சொல்லணும்," என்றார் அண்ணன். "மாப்பிள்ளை எத்தனை நாள்தான் அங்க காத்துக்கிட்டிருப்பாரு?"

முன் சக்கரத்து டயரில் செய்த ஜோடி ஒன்றை அவள் முன்னால் வைத்தார். அவள் போட்டுக்கொண்டாள். மற்றவர்களின் செருப்புகள் அந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு நகர்ந்தன. அவளுடையவை நின்றதோடு சரி. கை நீட்டிக் காட்டினாள். தோண்டினார்கள்.

கட்டிலிலேயே இருந்தார். தலைமாட்டில் ஸ்டூல், அதன்மேல் ஜக், கவிழ்த்து வைத்தபடி. எடுத்துப் பார்த்தால் உள்ளே ஒரு பொட்டு மண் இல்லை.

"எழுந்து எடுத்துக் குடிச்சிருக்காருண்ணா," என்று சொல்லிவிட்டு அவள் சேற்றிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுது முடித்துத் தண்ணீர் கேட்டாள்.

செருப்புகள் நடந்த தடத்தின் மேலேயே புதுச் சாலை போட்டார்கள். அந்த வாசலிலேயே அவளும் வீடு கட்டிக்கொண்டாள். சில வருடங்களில் புது பஸ்ஸும், வெளியூரிலிருந்து ஒரு புது டிரைவரும் வந்தார்கள். முதல் நாள், அந்த வீட்டருகே வந்ததும் டயர் செருப்புக்காரர்கள் அத்தனை பேரும் இருக்கையை விட்டு எழுந்து நின்றார்கள்.

"நிறுத்துங்கண்ணே, ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தணும்," என்றார் உள்ளூர்க்காரரான கண்டக்டர்.

"புது வண்டிப்பா. சூடே ஆகாது."

"ஆகும்ணே. எறங்கிப் பாருங்க."

இறங்கிப் பார்த்தார். கை வைக்க முடியவில்லை, ஆவி பறந்தது. அதற்குள் ஒரு பெண் ஜக்கோடு வாசலுக்கு வந்திருந்தாள். டிரைவர் பாதியை வண்டிக்கு ஊற்றினார், பாதியைக் குடித்தார். பயணிகள் வேறு பக்கம் பார்த்தார்கள். யாரும் சொல்லித்தராமலே அவர் ஜக்கைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, ஏறி கியரைப் போட்டார்.